பூட்டிக் ஹெட்லெஸ் கிட்டார்: மரத்துக்கு முன் பிரிட்ஜைப் பாருங்கள்

தலைப்பகுதி இல்லாத ஹெட்லெஸ் கிட்டாரை மடியில் வைத்தவுடன் முதலில் தெரிவது அதன் சமநிலை. ஸ்ட்ராப்பில் மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாலும் நெக் தரையை நோக்கிச் சரிவதில்லை. சாதாரண கிட்டாரில் ஹெட்ஸ்டாக் என்னும் தலைப்பகுதி மரமும், கம்பியை முறுக்கிச் சுதி சேர்க்கும் ஆறு ட்யூனர்களும் நெக்கின் கடைசி முனையில் தொங்குகின்றன. ட்யூனர்களின் எடையே 200 கிராம் வரை போகும். அது நெக்கின் நுனியில் இருப்பதால் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இரட்டிப்பாகத் தெரியும். அதை அப்படியே நீக்கிவிட்டு, சுதி சேர்க்கும் வேலையை, பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கொண்டுவந்ததுதான் ஹெட்லெஸ். நல்ல பட்டறையில் செய்த ஆறு கம்பிக் கிட்டார் 2 கிலோவிலிருந்து 2.7 கிலோவுக்குள் நிற்கும். லெஸ் பால் வகைக் கிட்டார்கள் பல 4 கிலோவைத் தாண்டுகின்றன. மூன்று மணி நேரம் நின்றபடி வாசிப்பவருக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்த வடிவம் புதிதல்ல. நெட் ஸ்டைன்பெர்கர் 1980-களின் தொடக்கத்தில் கார்பன் இழையில் செய்த தலையில்லாத பேஸ்களும், பிறகு வந்த கிட்டார்களும்தான் இதை மேடைக்குக் கொண்டுவந்தன. ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் போன்றவர்கள் அதை விடாமல் வாசித்தார்கள். நடுவில் மவுசு குறைந்து கிடந்ததை மீண்டும் எழுப்பியவர் ஸ்வீடனின் ஓலா ஸ்ட்ராண்ட்பெர்க். இன்று கீஸல், ஐபனெஸ் போன்ற பெரிய பெயர்களிடமும் ஹெட்லெஸ் உண்டு. நெதர்லாந்தின் அரிஸ்டைட்ஸ், போலந்தின் ஸ்கெர்வெஸன் போன்ற சிறிய தயாரிப்பாளர்களும், ஒருவர் இருவராகவே நடத்தும் பட்டறைகளும் ஆர்டரின் பேரில் செய்கிறார்கள். இந்த விமர்சனம் அந்தக் கடைசி வகையைப் பற்றியது: உங்கள் அளவு, உங்கள் மரம், உங்கள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் ஒலியாக்கும் காந்தத் துண்டு) என்று கேட்டுச் செய்து வாங்கும் பூட்டிக் கிட்டார்கள்.

அவற்றைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கிட்டார்களின் படங்களில் கண்ணைப் பறிப்பது மேற்பலகையின் மரம்தான். முடிச்சு முடிச்சான பர்ல், பூஞ்சைக் கோடு ஓடிய மேப்பிள், ரெஸின் ஊற்றிய ஓரங்கள், எல்லாம் அழகுதான். ஆனால் கிட்டார் உங்கள் கையில் பத்தாண்டுகள் உழைக்குமா என்பதைத் தீர்மானிப்பது பின்கோடியில் இருக்கும் உள்ளங்கை அகல உலோகம். சாதாரண கிட்டாரில் ட்யூனர் கெட்டால் எந்தக் கடையிலும் இன்னொன்று வாங்கி மாட்டலாம். ஹெட்லெஸ்ஸில் பிரிட்ஜும் ட்யூனரும் ஒரே உறுப்பு. அது கெட்டால் கிட்டாரே நின்றுவிடும்.

அதனால் கம்பி மாட்டும் முறையிலிருந்தே தொடங்கலாம். பழைய ஸ்டைன்பெர்கர் அமைப்புக்கு இரண்டு முனையிலும் குண்டு உள்ள கம்பி வேண்டும். மாட்டுவது அரை நிமிட வேலை. ஆனால் கிடைக்கும் கன அளவுகள் குறைவு, எல்லாக் கடையிலும் இருக்காது. இன்றைய பூட்டிக் கிட்டார்கள் பெரும்பாலும் சாதாரணக் கம்பியையே எடுத்துக்கொள்கின்றன. குண்டு முனை பிரிட்ஜில் உட்காரும். மறுமுனை நெக்கின் நுனியில் உள்ள ஹெட்பீஸில் ஒரு திருகின் அடியில் நசுங்கி நிற்கும்.

மாட்டும்போது வரிசை முக்கியம். முதலில் பிரிட்ஜின் குமிழியை முழுக்கத் தளர்த்தி, உள்ளே இருக்கும் நகரும் துண்டு ஜீரோ ஃப்ரெட்டை (நெக் நுனியில் கம்பி உட்காரும் உலோகக் கோடு) நோக்கி எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம் வரவிடுங்கள். கம்பியைக் கோர்த்து ஹெட்பீஸ் வழியாக வெளியே எடுத்து, இடுக்கியால் தொய்வே இல்லாமல் இழுத்துப் பிடித்தபடி ஆலன் கீயால் திருகை இறுக்குங்கள். பிறகுதான் குமிழியைத் திருப்பிச் சுதி ஏற்ற வேண்டும். மீதிக் கம்பியை வெட்டுவது கடைசி வேலை. சுற்றுக் கம்பியை வெட்டுவதற்கு முன் ஹெட்பீஸுக்கு வெளியே 90 பாகைக்கு மடக்கிவிட வேண்டும். மடக்காமல் வெட்டினால் மேல் சுற்று உட்கம்பியிலிருந்து நழுவி, இரண்டே நாளில் ஒலி செத்துப்போகும். புதுக் கம்பியிலேயே கணீரென்ற ஒலி வரவில்லை என்று பிக்கப்பைக் குறை சொல்பவர்கள் முதலில் இந்த முனையைப் பார்க்க வேண்டும்.

தொய்வு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ட்யூனருக்குள் இருக்கும் ஓட்டம் மிகக் குறைவு. பல அமைப்புகளில் 10 மி.மீ. சொச்சம்தான். அதிரும் கம்பி நீளம் 648 மி.மீ. உள்ள கிட்டாரில் 0.010 இன்ச் கன முதல் கம்பி தொய்வு நீங்கியதிலிருந்து சுதியை எட்ட ஏறக்குறைய 5 மி.மீ. இழுபட வேண்டும். புதுக் கம்பி இளகுவதற்கு இன்னும் ஒன்றிரண்டு மி.மீ. போகும். கையால் இழுக்கும்போது 4 மி.மீ. தொய்வு விட்டிருந்தால் குமிழி முட்டி நின்றுவிடும். சுதி அரை ஸ்வரம் கீழேயே கிடக்கும். திரும்பக் கழற்றி மாட்ட வேண்டியதுதான். சுற்றில்லாத மூன்றாவது கம்பியில் பிரச்சினை நேர்மாறானது. அதற்கு மொத்தமே 2 மி.மீ.க்குக் குறைவான இழுப்பு போதும். அதனால் குமிழியை இம்மி திருப்பினாலே சுதி தாண்டி ஓடும். நல்ல பிரிட்ஜுக்கும் சுமாரான பிரிட்ஜுக்கும் வித்தியாசம் இந்தக் கம்பியில்தான் வெளிப்படும். மரை நுணுக்கமாக வெட்டப்பட்டிருந்தால் குமிழி எந்தப் புள்ளியிலும் நிற்கும். மலிவான மரையில் அது ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு டக்கென்று தாவும்.

குமிழியின் கடினம் இன்னொரு சோதனை. கம்பி இறுக இறுக உராய்வும் கூடுகிறது. நல்ல அமைப்பில் குமிழிக்கு அடியில் சிறு பேரிங் அல்லது வழவழப்பான வாஷர் இருக்கும். ஆறாவது கம்பியையும் இரண்டு விரலால் திருப்பலாம். இல்லாதவற்றில் துருப்பிடித்த குழாயைத் திருகுவது போல மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அலுமினிய உடலில் அலுமினியத் திருகு ஓடும் வடிவங்கள் இன்னும் மோசம்: இரண்டு மிருதுவான உலோகங்கள் அழுத்தத்தில் உரசி ஒன்றையொன்று பிறாண்டி, ஒரு நாள் அப்படியே சிக்கிக்கொள்ளும். எஃகுத் திருகா, பித்தளையா, வாஷர் உண்டா என்று ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்பதில் தவறில்லை. வாங்கிய பிறகு ஒவ்வொரு கம்பி மாற்றத்தின்போதும் மரையில் டெஃப்லான் கலந்த கிரீஸ் ஒரு பொட்டு வைத்தால் போதும். எண்ணெய் விடாதீர்கள். அது வழிந்து மரத்தில் ஊறும், தூசியையும் சேர்க்கும்.

ஹெட்பீஸ் திருகுகள் பற்றி ஒரு எச்சரிக்கை. கம்பி நழுவுகிறது என்ற பயத்தில் பலரும் அவற்றை அளவுக்கு மீறி இறுக்குகிறார்கள். விளைவு, ஆலன் கீ உட்காரும் அறுகோணப் பள்ளம் உருண்டையாகத் தேய்ந்துவிடும். அல்லது திருகின் முனை மெல்லிய கம்பியைக் கடித்து அதே இடத்தில் அறுக்கும். தரமான ஹெட்பீஸில் திருகுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சிறு அழுத்துத் துண்டு இருக்கும். அது கம்பியைப் பரப்பிப் பிடிப்பதால் மிதமான இறுக்கமே போதும். திருகு நேரடியாகக் கம்பியில் உட்காரும் அமைப்பு என்றால், தேய்ந்த திருகை உடனே மாற்றுங்கள், ஆலன் கீயும் முனை மழுங்காததாக இருக்கட்டும். கீயின் அளவு இன்ச்சா மில்லிமீட்டரா என்று பார்ப்பதும் அவசியம்; நெருங்கிய அளவு கொஞ்சம் ஆடினாலும் உட்கார்ந்துவிடும், பள்ளத்தைக் கெடுப்பது அந்த ஆட்டம்தான்.

இன்டோனேஷன் சரிசெய்வது, அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் ஸ்வரம் சரியாக ஒலிக்கச் செய்வது, ஹெட்லெஸ்ஸில் பொறுமையைச் சோதிக்கும் வேலை. பல பிரிட்ஜுகளில், கம்பி உட்காரும் சாடிலை முன்பின் நகர்த்தத் தனித் திருகு கிடையாது. பூட்டுத் திருகைத் தளர்த்தினால் கம்பியின் இழுப்பு சாடிலை முன்னே இழுத்துக்கொண்டு போகும். எனவே கம்பியை முதலில் தளர்த்தி, சாடிலைக் கையால் நகர்த்திப் பூட்டி, மறுபடி சுதி ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒரு கணக்கு கைகொடுக்கும்: 648 மி.மீ. கிட்டாரில் சாடிலை 1 மி.மீ. நகர்த்தினால் 12-ஆவது ஃப்ரெட்டில் வித்தியாசம் ஏறக்குறைய 2.7 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). அழுத்திய ஸ்வரம் 5 சென்ட் ஏறி நின்றால் சுமார் 2 மி.மீ. பின்னே தள்ளுங்கள். இது தெரிந்தால் பத்து முறை தடவிப் பார்க்க வேண்டியதில்லை, இரண்டே முறையில் முடிந்துவிடும். ஒருமுறை வைத்துவிட்டால், கம்பியின் கனத்தை மாற்றாத வரை திரும்பத் தொட வேண்டாம்.

ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி பிரிட்ஜ் வைத்த கிட்டார்களில் யாரும் எதிர்பாராத இடத்தில் ஒரு குறை வரும்: எர்த். ஒரே தகட்டில் அமைந்த பிரிட்ஜுக்கு ஒரு வயர் போதும். தனித்தனித் துண்டுகளுக்கு அடியில் தாமிரப் பட்டையோ ஆறு இணைப்புகளோ வேண்டும். அவற்றில் ஒன்று விட்டுப்போனால் அந்தக் கம்பியை மட்டும் தொடும்போது ஹம் என்ற இரைச்சல் அடங்காது. கேட்பவர்கள் பிக்கப்பைச் சந்தேகிப்பார்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஜாக்கின் எர்த்திலும் மறுமுனையை ஒவ்வொரு சாடிலிலும் வைத்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இவ்வளவும் சொன்னதால் இது தொல்லை பிடித்த பொருள் என்று எண்ண வேண்டாம். சரியாக அமைந்த ஹெட்லெஸ் சுதி நிற்பதில் மற்ற கிட்டார்களைப் பின்னுக்குத் தள்ளும். கம்பி இரண்டு முனையிலும் பூட்டப்பட்டிருக்கிறது. ட்யூனர் கம்பத்தில் சுற்று இல்லை, நட்டின் (நெக் நுனியில் கம்பிகள் உட்காரும் பட்டை) பள்ளத்தில் சிக்கும் கோணம் இல்லை. நட்டுக்கு அப்பால் கம்பி நீளமாக ஓடாததால் அங்கிருந்து வரும் கூடுதல் அதிர்வும் இல்லை. வேகமாக அடக்கி வாசிக்கும் ரிஃப்களைப் பதிவு செய்பவர்கள் ஹெட்ஸ்டாக்கில் துணி சுற்றுவதை மறந்துவிடலாம். கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி பெண்ட் செய்யும்போது உபரிக் கம்பி இழுபடாததால் ஸ்வரம் சற்றுச் சீக்கிரமே எட்டும். ஹெட்ஸ்டாக்கின் பாரம் போய்விடுவதால் நெக் அதிரும் விதமும் மாறுகிறது. பல கிட்டார்களில் மூன்றாவது கம்பியின் நடு ஃப்ரெட்டுகளில் வரும், ஸ்வரம் சீக்கிரமே அடங்கிவிடும் செத்த இடம் இதில் மங்கும், அல்லது வேறிடம் போகும். போகும் இடம் எது என்பது கிட்டாருக்குக் கிட்டார் வேறு. எனவே எல்லா ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு ஸ்வரமாக நிறுத்திக் கேட்டுப் பார்ப்பது நல்லது. தொனியைப் பொறுத்தவரை, ஹெட்லெஸ்ஸுக்கென்று ஒரு தனி ஒலி உண்டு என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிக்கப்பும் ஆம்பும்தான் பேசுகின்றன.

ட்ரெமலோ (கைப்பிடியால் சுதியை ஏற்றி இறக்கும் அசையும் பிரிட்ஜ்) வேண்டுமா என்பதை நிதானமாக யோசியுங்கள். ஸ்டைன்பெர்கரின் டிரான்ஸ்ட்ரெம் எல்லாக் கம்பிகளின் சுதியையும் ஒரே விகிதத்தில் ஏற்றி இறக்கிப் பூட்டி வைக்கும் அற்புதமான கருவி. அதற்கென்றே அளவெடுத்துச் செய்த இரட்டைக் குண்டுக் கம்பி இல்லாவிட்டால் அந்த வேலையை அது செய்யாது. உதிரி பாகம் தேடுவதும் பெரும்பாடு. இன்றைய ட்ரெமலோக்கள் அவ்வளவு பிடிவாதம் பிடிப்பதில்லை. ஆனாலும் மிதக்கும் ட்ரெமலோவில் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுதி விலகும். ஹெட்லெஸ்ஸில் புதுக் கம்பி மாட்ட ஆலன் கீயும் இடுக்கியும் வேண்டும் என்பதால் மேடையில் அந்தச் சில நிமிடங்கள் நீண்டு தெரியும். முதல் ஹெட்லெஸ் என்றால் அசையாத பிரிட்ஜையே பரிந்துரைப்பேன்.

நெக்கின் வடிவம் இன்னொரு பெரிய தேர்வு. ஸ்ட்ராண்ட்பெர்கின் என்ட்யூர்நெக் வளைவாக இல்லாமல் பட்டை பட்டையாக, கட்டைவிரலுக்குத் தட்டையான இடத்தோடு இருக்கும். அந்தத் தட்டை மேலே போகப் போக இடம் மாறும். கட்டைவிரலை நெக்கின் நடுமுதுகில் ஊன்றி வாசிப்பவருக்கு இது வரம். கட்டைவிரலை மேலே வளைத்துக் கம்பியை அடக்கும் ப்ளூஸ் பழக்கமுள்ளவருக்கு ஓரங்கள் உறுத்தும். மற்றப் பட்டறைகள் வட்ட நெக்கும் செய்கின்றன. முதல் ஃப்ரெட்டிலும் 12-ஆவதிலும் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிக் கேளுங்கள். 'மெல்லிய நெக்' என்ற சொல்லுக்கு ஆளாளுக்கு ஓர் அளவு.

விசிறி ஃப்ரெட்டும், அதாவது கம்பிக்குக் கம்பி நீளம் மாறும்படி ஃப்ரெட்டுகளைச் சாய்த்து வைப்பதும், அப்படித்தான். ஆறு கம்பியில் 25 முதல் 25.5 இன்ச் போன்ற சிறு வித்தியாசம் பத்து நிமிடத்தில் பழகிவிடும். எட்டு கம்பிக்கு 26.5 முதல் 28 வரை போவதில் அர்த்தம் இருக்கிறது, கீழ்க் கம்பி தொளதொளக்காது. ஆனால் பிக்கப்பும் சாய்வாக வேண்டியிருக்கும். சாய்வு பிக்கப் எல்லா நிறுவனத்திலும் எல்லாக் கோணத்திலும் கிடைக்காது. பின்னாளில் மாற்ற விரும்புபவர் நேர் பிக்கப்பைச் சாய்த்துப் பொருத்தும் வடிவத்தையோ, பரவலாகக் கிடைக்கும் உறை அளவையோ கேட்டு வாங்குவது உத்தமம்.

கையாள்வதில் சின்னச் சின்னச் சங்கடங்கள் உண்டு. சுவரில் மாட்டும் கொக்கி பயன்படாது, கழுத்தைப் பிடித்து நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை. சுதி காட்டும் கிளிப் ட்யூனரைக் கவ்வ இடமில்லை. பெடல் ட்யூனர் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் விட ஆபத்து, பேச்சுவாக்கில் கிட்டாரைச் சுவரோரம் நிமிர்த்தி வைப்பது. பல வடிவங்களில் பின்கோடியில் துருத்தி நிற்பவை ட்யூனர் குமிழிகள். மொத்த எடையும் அவற்றின் மேல் இறங்கி ஒரு திருகு வளைந்தால், அந்தக் கம்பி அதன் பிறகு சீராகச் சுதி ஏறாது. பாடியின் இரு பக்கத்தையும் தாங்கும் ஸ்டாண்டே வேண்டும். ஈடாக, நீளம் சாதாரண கிட்டாரைவிட ஏறக்குறைய 20 செ.மீ. குறைவு, விமானத்தின் மேல் தட்டில் பெரும்பாலும் அடங்கிவிடும். பை கிட்டாரோடு வருகிறதா என்று பாருங்கள். சாதாரணப் பையில் போட்டால் உள்ளே முன்பின் ஓடி அடிபடும்.

இனி ஆர்டர். பூட்டிக் பட்டறையில் முன்பணம் கட்டுவதும், ஓராண்டுக்கு மேல் காத்திருப்பதும் வழக்கம். நேர்மையான பட்டறைகள் நிறைய உண்டு. ஆனால் கவிழ்கிற பட்டறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கவிழ்கின்றன. புது ஆர்டரின் முன்பணத்தை எடுத்துப் பழைய ஆர்டருக்கு மரமும் உலோகமும் வாங்கும். வரிசை நீள நீள அடுத்த முன்பணம் அவசரமாகத் தேவைப்படும். அப்போது 'முழுப் பணமும் இப்போதே கட்டினால் தள்ளுபடி' என்ற அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பைப் பார்த்தால் விலகிவிடுங்கள். பணத்தைக் கட்டங்களாகப் பிரிப்பதே பாதுகாப்பு: மரம் தேர்ந்ததும் ஒரு பங்கு, நெக் பொருத்தியதும் ஒரு பங்கு, கம்பி மாட்டி வாசித்த காணொளி வந்த பிறகு மீதி. ஒப்புக்கொள்ளாத பட்டறை மோசடி என்று அர்த்தமில்லை, ஆனால் இழப்பு முழுக்க உங்கள் தலையில் விழும் என்று அர்த்தம்.

எழுத்தில் வாங்க வேண்டியவற்றில் முதல் வரி பிரிட்ஜின் தயாரிப்பாளர் பெயரும் மாடலும். ஹிப்ஷாட், ஏபிஎம் போல உதிரி பாகமாகவும் விற்கும் நிறுவனங்களின் பிரிட்ஜ் என்றால் பட்டறை நாளை மூடினாலும் கிட்டார் பிழைக்கும். பட்டறையே கடைந்து செய்யும் பிரிட்ஜ் அழகாக இருக்கலாம், இன்னும் நன்றாகவே வேலை செய்யலாம். ஆனால் கடைந்தவர் தொழிலை விட்டால் ஒரு திருகுக்கு லேத் பட்டறையைத் தேடி அலைய வேண்டும். பிறகு கம்பி இடைவெளி, எடையின் மேல்வரம்பு, குறை இருந்தால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பவை. ரோஸ்வுட் கேட்பவர்கள், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் விதியையும் கவனிக்க வேண்டும். 2017-இல் ரோஸ்வுட் மரங்கள் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அது 1992 முதல் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. தாள் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் ஆகலாம்.

மறுவிற்பனையும் மனத்தில் இருக்கட்டும். உங்கள் பெயரோ அபூர்வ நிறமோ பொறித்த கிட்டாருக்கு இன்னொருவர் முழு விலை தரமாட்டார். ஆறு கம்பி, எளிய நிறம், தெரிந்த பிரிட்ஜ், இப்படி இருந்தால் கை மாறுவது சுலபம்.

பெட்டி வந்ததும் உடனே திறக்க வேண்டாம். அறையின் வெப்பத்துக்கு வர ஒரு நாள் விடுங்கள். திறந்ததும் ஃப்ரெட் முனைகளில் விரலை ஓட்டுங்கள். உறுத்தினால் மரம் வழியில் காய்ந்திருக்கிறது. ஒவ்வொரு குமிழியையும் முழுத் தளர்விலிருந்து முழு இறுக்கம் வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இடையில் எங்கு பிடித்தாலும் அன்றே படம் எடுத்து எழுதுங்கள், ஒரு மாதம் கழித்துச் சொன்னால் நீங்கள் கெடுத்ததாகிவிடும். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடின் திருகு எந்த முனையில் இருக்கிறது, அதன் கீ பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். உதிரி பாகத்தைக் கிட்டாரோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்: ஒரு முழு ட்யூனர், நான்கு ஹெட்பீஸ் திருகுகள், சாடில் உயரத் திருகுகள் அரை டஜன், எல்லா அளவு ஆலன் கீயிலும் இரண்டிரண்டு. ஒரு ஜோடி பையில், இன்னொரு ஜோடி வீட்டில்.